பெருந்தொற்றுக் காலப் பயிற்சி மருத்துவருக்கு: மனச்சோர்வையும் பதற்றத்தையும் கையாளும் முறை

2021 மே மாதத்தில் நான் பொது மருத்துவத்தில் பி.ஜி. (முதுநிலைப் படிப்பு) படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கோவிட் வார்டிலிருந்து வெளியே வந்து, பாதுகாப்பு உடையைக் களையும் அறையில் மேல் கையுறையைக் கழற்றிய பிறகு, அடுத்து எதைக் கழற்ற வேண்டும் என்பது எனக்கு மறந்துபோனது. அதற்கு முன் நூறு தடவைக்கு மேல் செய்த வேலை அது. வரிசைமுறை படத்துடன் சுவரில் ஒட்டப்பட்டும் இருந்தது. பின்னால் வந்த ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வு முடித்து மருத்துவமனைப் பயிற்சியில் இருப்பவர்) "சார், கவுன்" என்று சொன்ன பிறகுதான் கை நகர்ந்தது. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்று அன்று முடிவு கட்டினேன். அது தூக்கக் குறைவு மட்டுமல்ல என்று ஒப்புக்கொள்ள மேலும் ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரங்களை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மனநல மருத்துவன் அல்லன். சிகிச்சை பெற்றவன், பிறகு ஜூனியர்கள் சிலரைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றவன். நிபாவோ, வேறொரு கோவிட்டோ, அடுத்த தொற்று எதுவாக இருந்தாலும், வார்டில் நோயாளிக்கு மிக அருகில், மிக அதிக நேரம் நிற்கப்போவது ஹவுஸ் சர்ஜன்களும் பி.ஜி.க்களும்தான். அவர்களுக்கு நோயைப் பற்றிய அறிவு குறைவில்லை. தங்களை நோயாளியாகப் பார்க்கும் பழக்கம் இல்லை. பார்த்துவிட்டாலோ மருந்துச்சீட்டையும் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை சொல்லும் வழிமுறைகள் எல்லாம் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்ப்பதற்கானவை.

இது பெருந்தொற்று மட்டும் கொண்டுவந்த சிக்கலும் அன்று. பல நாடுகளின் பயிற்சி மருத்துவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஜாமா என்னும் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில், 28.8 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டு அதே இதழ் மருத்துவ மாணவர்களைப் பற்றி வெளியிட்ட தொகுப்பாய்வில் அந்த எண் 27.2, அறிகுறி இருந்த மாணவர்களில் சிகிச்சை நாடியவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவரே. இரண்டும் கோவிட்டுக்கு முந்தைய கணக்குகள்.

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் இதழ்கள் பலவும் எல்லாவற்றையும் 'மன அழுத்தம்' என்று ஒரே பெயரில் எழுதிவிடுகின்றன. வேலைப் பளுவால் வரும் அழுத்தம் வேறு. மனச்சோர்வு என்னும் நோய் வேறு. அழுத்தம் ரோஸ்டர் (பணி அட்டவணை) மாறினால் குறையும். மனச்சோர்வு ரோஸ்டர் மாறினாலும் இருக்கும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

முதலில் உங்களையே கேஸ் எடுங்கள்

நோயாளியிடம் "எப்போதிலிருந்து?" என்று கேட்பதைப் போலவே உங்களிடமும் கேட்டு, விடையைத் தாளில் எழுதுங்கள். மனத்துக்குள் சொல்லிக்கொள்வது போதாது. சோர்ந்த மனம் தன் தவறுகளை மட்டும் பொறுக்கி எடுத்து வரலாறு சொல்லும். கடைசியாக எப்போது எதையாவது ஆசையாகச் செய்தீர்கள், எந்த வாரத்திலிருந்து வீட்டுக்குப் பேசுவது சுமையானது, கேஸ் ஷீட்டில் தவறுகள் எப்போது கூடின என்று தேதிகளுடன் எழுதுங்கள். அறைத்தோழரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்பது உங்களைவிட அவருக்குச் சரியாகத் தெரியும்.

அடுத்து, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 வினாத்தாளை நிரப்புங்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றே கடுமையானது, 20 முதல் கடுமையானது. பதற்றத்துக்கான ஜி.ஏ.டி.-7இல் ஏழு கேள்விகள், மொத்தம் 21. அங்கும் 10ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவுப் பணி முடிந்த காலையில் இவற்றை நிரப்பாதீர்கள். ஓய்வு கிடைத்த இரண்டாம் நாள் காலையில், சாப்பிட்ட பிறகு நிரப்பி, தாளில் தேதி போட்டு வையுங்கள்.

இங்கே மருத்துவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பி.எச்.கியூ.-9இன் மூன்று, நான்கு, ஐந்தாம் கேள்விகள் தூக்கம், களைப்பு, பசி பற்றியவை. ஆறு மணி நேரம் பி.பி.இ. கிட்டுக்குள் வியர்த்து நின்றவருக்கு இந்த மூன்றிலும் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அதைக் காரணம் காட்டி மொத்த மதிப்பெண்ணையும் தள்ளிவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. நானும் 14 எடுத்துவிட்டு, அதில் எட்டு டியூட்டியால் வந்தது என்று கழித்துக்கொண்டேன். கழிக்க வேண்டாம். முதல் இரண்டு கேள்விகளை, அதாவது எதிலும் நாட்டமின்மை, மனம் தாழ்ந்திருத்தல் ஆகியவற்றைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அவை மட்டும் சேர்ந்து 3ஐத் தொட்டால் டியூட்டியின் மேல் பழிபோட முடியாது. ஆறாம் கேள்வியான 'நான் எதற்கும் லாயக்கற்றவன்' என்ற எண்ணத்துக்கும் இரவுப் பணி காரணமாகாது. இரண்டு இரவு முழுதாகத் தூங்கிய பிறகும், ஆசையாக வரவழைத்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட மனம் வரவில்லை என்றால், அது களைப்பு அன்று.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் 0 தவிர வேறு எந்த எண் வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் 'அபாயம்' என்ற தலைப்புக்கு நேரே செல்லுங்கள்.

உடல் சார்ந்த காரணங்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 ஆகியவற்றுக்கு ஒரு ஊசிக் குத்து போதும். நீங்களே தொற்றுக்கு ஆளாகி மீண்டிருந்தால், அதற்குப் பின்வரும் களைப்பும் கவனக் குறைவும் மனச்சோர்வைப் போலவே தோன்றலாம். டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து எடுத்திருந்தால் அந்த நாட்களில் தூக்கமின்மையும் படபடப்பும், நிறுத்திய பின் சோர்வும் வரலாம். குடும்பத்தில் யாருக்கேனும் இருமுனைக் கோளாறு இருந்தாலோ, உங்களுக்கே தூக்கம் தேவைப்படாமல் பல நாள் உற்சாகமாக ஓடிய காலம் ஒன்று இருந்தாலோ, அதைத் தாளில் பெரிதாக எழுதுங்கள். மருந்தைத் தேர்வதில் அந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

பதற்றம் நோயின் வேடத்தில் வரும்போது

தொற்று வார்டில் பதற்றம் பெரும்பாலும் மூச்சுத்திணறலாகத்தான் வரும். கோவிட் நாட்களில் ஹாஸ்டலில் ஒவ்வொருவர் தலையணைக்கு அடியிலும் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தது. இரவில் விழித்து 98 பார்த்து, நம்பாமல் விரலை மாற்றி 97 பார்த்து, அந்த ஒரு எண் குறைந்ததற்காக விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களை நான் அறிவேன். பார்க்கப் பார்க்கப் பதற்றம் கூடும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, காய்ச்சல் இருந்தால் ஆறு நிமிடம் நடந்த பிறகு ஒருமுறை என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். 94க்குக் கீழே இறங்கினாலோ நடந்த பின் தெளிவாகக் குறைந்தாலோ யாரை அழைப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். மற்ற நேரங்களில் கருவி அறைத்தோழரிடம் இருக்கட்டும்.

வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயத்துக்கும் இதே முறை பொருந்தும். செருப்பை எங்கே விடுவது, துணியை எப்படித் துவைப்பது, பாட்டியின் அறைக்குள் எத்தனை நாள் போகாமல் இருப்பது என்பதைத் தொற்றுத் தடுப்புப் பிரிவில் கேட்டு, 'இவ்வளவு செய்தால் போதும்' என்ற கோட்டை டியூட்டி தொடங்கும் முன்பே தாளில் வரைந்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் செய்யத் தோன்றும் ஒவ்வொன்றும், நான்காம் முறை கை கழுவுவது உட்பட, பதற்றத்தின் வேலை. பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், கோவிட்டால் இறந்த மூத்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் தாக்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே மாதம் 22ஆம் தேதி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் பயப்படாதவர்தான் யோசிக்க வேண்டியவர். பயம் எவ்வளவு நேரத்தை, எவ்வளவு தூக்கத்தைத் தின்கிறது என்பதே கணக்கு.

பாதுகாப்பு உடைக்குள் இருக்கும்போது திடீரென்று மூச்சு முட்டி, எல்லாவற்றையும் பிய்த்தெறியத் தோன்றினால், வார்டுக்குள் மாஸ்க்கைத் தொடாதீர்கள். உடன் இருப்பவரிடம் "வெளியே போகிறேன்" என்று சொல்லிவிட்டு, உடை களையும் பகுதிக்கு நடந்து செல்லுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பீதித் தாக்கு ஏறக்குறைய பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதற்குள் சாக மாட்டீர்கள் என்பதை நோயாளிகளுக்கு நீங்களே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். இருவர் இருவராக உள்ளே செல்லும் ஏற்பாடு இதற்காகவேனும் வேண்டும்.

சாவைச் சொல்லும் தொலைபேசி

பெருந்தொற்றில் பயிற்சி மருத்துவரை உடைக்கும் வேலை எது என்று என்னைக் கேட்டால், இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது) என்று சொல்ல மாட்டேன். அட்டெண்டர்களை (நோயாளியின் உறவினர்களை) உள்ளே விடாத வார்டிலிருந்து, இறப்புச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லும் வேலைதான் அது. அதை எப்படிச் செய்வது என்று எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு இரவில் ஐந்து அழைப்புகள் என்று கையில் மட்டும் கொடுத்தார்கள்.

செய்யும் முறை இது. நின்றுகொண்டு அழைக்காதீர்கள், வார்டுக்கு வெளியே, உட்கார்ந்து அழையுங்கள். கேஸ் ஷீட்டைக் கையில் வைத்து, நோயாளியின் பெயருடன் தந்தை அல்லது கணவர் பெயரையும் ஊரையும் எதிர்முனையில் உள்ளவரிடம் சரிபாருங்கள். ஒரே வார்டில் மூன்று முருகேசன்கள் இருந்த நாட்கள் உண்டு. உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவருடன் யாராவது இருக்கிறார்களா, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா என்று கேளுங்கள். "கெட்ட செய்தி சொல்ல அழைக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் முன்னால் சொல்லி, பிறகு "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். 'முடிந்தவரை பார்த்தோம்', 'கைவிட்டுப்போய்விட்டது' என்று சுற்றினால், எதிர்முனையில் இருப்பவர் இன்னும் உயிர் இருக்கிறது என்றே கேட்டுக்கொள்வார். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அழுகையின் நடுவே சாச்சுரேஷன் (ஆக்ஸிஜன் அளவு) கணக்கைச் சொல்வது நம் பதற்றத்தைத் தணிக்குமே தவிர அவருக்கு உதவாது. உடலைப் பெறும் நடைமுறையைக் கடைசியில், வேண்டுமென்றால் பத்து நிமிடம் கழித்து இரண்டாவது அழைப்பில் சொல்லலாம்.

அழைப்பு முடிந்தவுடன் அடுத்த எண்ணை அழுத்தாதீர்கள். எழுந்து தண்ணீர் குடித்து, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் "பதினாறாம் படுக்கைக்குச் சொல்லிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு ஷிஃப்டில் இரண்டு அழைப்புகளுக்கு மேல் ஒருவரே செய்வதில்லை என்று உங்கள் பேட்சுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்டரில் அது இருக்காது. நீங்களாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரின் இறப்பை அவருடைய மகளிடம் சொன்னேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "காலையில சார்ஜர் குடுத்து விட்டேனே டாக்டர், அப்பாகிட்ட சேர்ந்துச்சா?" சேர்ந்தது என்று சொன்னேன். வெள்ளை வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட அந்தச் சார்ஜர், பெயர் எழுதிய கேரி பேக்கில், நர்ஸ் மேசையின் மேல் அப்போதும் கிடந்தது. அவர் மூச்சுக்குப் போராடிய இரவைவிட அந்தச் சார்ஜர்தான் மாதக்கணக்கில் என்னைத் துரத்தியது. மனச்சோர்வின் குற்றவுணர்ச்சி இப்படித்தான் வேலை செய்யும். பெரிய சாவை விட்டுவிட்டு ஒரு சிறிய பொருளைப் பிடித்துக்கொள்ளும், அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயையும் அடைத்துவிடும். உங்களிடமும் அப்படி ஒரு சார்ஜர் இருக்கும். அதை ஒரே ஒருவரிடமாவது, முழுக் கதையாக, சொல்லிவிடுங்கள். நான் அதை முதலில் சொன்னது என் மனநல மருத்துவரிடம், அவர் சிரிக்கவில்லை.

டியூட்டி நாளின் நடைமுறை

இதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. உள்ளே செல்லுமுன் சாப்பிடுங்கள்; சிறுநீர் வரும் என்று முந்தின இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்தாதீர்கள். இரவுப் பணியின் பின்பாதியில் காபி வேண்டாம். காலைத் தூக்கத்தை அது கெடுக்கும். இடையில் இருபது நிமிடம் கண்ணயர வாய்ப்புக் கிடைத்தால் போனைப் பார்த்து அதை வீணாக்காதீர்கள். இருபத்து நான்கு மணி நேரப் பணிக்குப் பிறகு பைக் ஓட்டாதீர்கள். ஷேர் ஆட்டோவில் வாருங்கள். நுரையீரல் பாதிப்பைக் காட்டும் சி.டி. ஸ்கோர்களும் இரங்கல் செய்திகளும் மாறி மாறி வரும் வாட்ஸ்அப் குழுக்களை மௌனமாக்கிவிட்டு, ரோஸ்டர் குழுவை மட்டும் திறந்து வையுங்கள்.

தேர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021இல், முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. ஏப்ரல் 18 என்று இருந்து, சில நாட்களுக்கு முன் தள்ளிவைக்கப்பட்டு, மே 3ஆம் தேதி குறைந்தது நான்கு மாதம் தள்ளுவதாக அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 11 அன்று நடந்தது. கலந்தாய்வு தொடங்கியதோ 2022 ஜனவரியில்தான். ஹவுஸ் சர்ஜன்களுக்கு அது முடிவில்லாத காத்திருப்பு. பி.ஜி.க்களுக்கு அது முதலாம் ஆண்டு ஜூனியர்களே இல்லாத ஓராண்டு. மூன்று பேர் வேலையை இருவர் பார்த்தோம். இத்தகைய காலத்தில் "தினமும் எட்டு மணி நேரம் படிப்பேன்" என்ற அட்டவணை உங்களை நாள்தோறும் தோற்கடிக்கும். டியூட்டி வாரத்தில் நாளுக்கு இருபது கேள்விகள், ஓய்வு வாரத்தில் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி அறிவிக்கப்படாத தேர்வுக்கு உச்ச வேகத்தில் ஓட முடியாது.

விடுப்பும் யூனிட்டும்

சிகிச்சைக்குப் போகாமல் இருப்பதற்கு நம்மவர்கள் சொல்லும் முதல் காரணம் வெட்கம் அன்று, எக்ஸ்டென்ஷன். ஹவுஸ் சர்ஜன் விடுப்பு எடுத்தால் அத்தனை நாளும் பயிற்சி நீளும், சான்றிதழ் தள்ளிப்போகும் என்ற கணக்கு. அந்தக் கணக்கை உண்மையாகவே போட்டுப் பாருங்கள். பத்து நாள் விடுப்புக்குப் பத்து நாள் நீட்டிப்பு. சிகிச்சை இல்லாமல் இழுத்துச் சென்றால் நடுவில் ஒருநாள் வராமலே போகும் நிலை வரும். அதற்கு மாதங்கள் நீளும்.

எல்லோருக்கும் விடுப்பு தேவைப்படுவதும் இல்லை. யூனிட் சீஃபிடம் "முடியவில்லை சார்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. என்ன தெரிகிறது, என்ன வேண்டும், எத்தனை நாளுக்கு என்ற மூன்றையும் சொல்லுங்கள். என் ஜூனியர் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், ரெண்டு வாரமா தூக்கம் வரல, டோஸ் எழுதுறதுல தப்பு வருது. சைக்கியாட்ரி ஓ.பி. போறேன். அடுத்த பத்து நாள் நைட் மட்டும் வேண்டாம், டே முழுக்கப் பார்த்துக்கிறேன்." ரோஸ்டர் அன்றைக்கே மாறியது. எல்லோரும் அப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். நான் முதலில் பேசிய ஆசிரியர், "இந்தக் காலத்துல யாருக்குத்தான் சோகம் இல்ல" என்று கேட்டுவிட்டு அடுத்த கேஸ் ஷீட்டைப் புரட்டினார். அப்படி ஒருவர் கிடைத்தால் வாதாட வேண்டாம். மருத்துவச் சான்றுடன் எழுத்தில் கொடுங்கள், ஆர்.எம்.ஓ.விடமோ (நிலைய மருத்துவ அலுவலர்) டீன் அலுவலகத்திலோ ஒரு நகல் சேரட்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுபவருக்கு இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. சில விதிவிலக்குகள் தவிர, உங்களைப் பார்க்கும் மருத்துவர் அதை உங்கள் யூனிட்டுக்குச் சொல்ல முடியாது. சான்றில் எவ்வளவு விவரம் வேண்டும் என்பதை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை

உங்கள் கல்லூரியின் சைக்கியாட்ரி ஓ.பி.யில் உங்கள் பேட்ச்மேட்டே கேஸ் எடுப்பார் என்ற தயக்கம் நியாயமானது. வேறு கல்லூரிக்கோ, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, தனியார் மருத்துவரிடமோ செல்லுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. எங்கே சென்றாலும் நோயாளியின் நாற்காலியில் உட்காருங்கள். நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம், அறிகுறிகளைச் சொல்லுங்கள். எழுதி வைத்த தாளைக் கொடுத்துவிடுங்கள்.

தனக்குத் தானே மருந்து எழுதுவதன் ஆபத்தை இரண்டு எடுத்துக்காட்டுகளில் சொல்லலாம். முதலாவது, டியூட்டி ரூமில் கைக்கெட்டும் அல்ப்ரஸோலம், குளோனஸெபாம் போன்ற பதற்றம் தணிக்கும், தூக்கம் தரும் மாத்திரைகள். முதல் வாரம் தூங்க வைக்கும். ஆறாம் வாரத்தில் அது இல்லாமல் தூங்க முடியாது. இரண்டாவது, மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம். 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைத்தபடி நம்மில் பலர் கோவிட் தடுப்புக்காக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் விழுங்கிக்கொண்டிருந்தோம். காய்ச்சல் வந்தால் அஸித்ரோமைசினும் சேர்ந்தது. மூன்றுமே ஈ.சி.ஜி.யில் தெரியும் இதயத்தின் க்யூ.டி. இடைவெளியை நீட்டி, துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியவை. ஒரு ஈ.சி.ஜி. கூட எடுக்காமல் இவற்றைச் சேர்த்து விழுங்கியவர் உங்கள் நோயாளியாக இருந்திருந்தால், எழுதிக்கொடுத்த மருத்துவரை என்ன சொல்லியிருப்பீர்கள்?

எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் கூடலாம். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கலாம் என்ற எச்சரிக்கை இந்த மருந்துகளுக்கு உண்டு. ஹவுஸ் சர்ஜன்களில் பெரும்பாலோர் அந்த வயதினர். அதனால் முதல் மறுபரிசோதனையை ஒரு வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நண்பரிடமும் சொல்லி வையுங்கள். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் மாதத்தில் நீங்களாக நிறுத்தாதீர்கள். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதும், பிறகு படிப்படியாகக் குறைப்பதும்தான் வழக்கம். லேசான நிலையில் மருந்தில்லாமல் உளவியல் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம்; வாரம் ஒரு மணி நேரத்தை ரோஸ்டரில் அதற்கென்று ஒதுக்க வேண்டும்.

அபாயம்

சாவைப் பற்றிய எண்ணம், 'தூங்கி எழாமல் போனால் தேவலை' என்ற அளவில் வந்தாலும், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். தனியாக அறையில் இருக்காதீர்கள். மருத்துவர்களுக்கு மருந்து எளிதில் கிடைக்கும் என்பதே கூடுதல் ஆபத்து. அறையில் இருக்கும் மாத்திரை, ஊசி மருந்து அனைத்தையும் நண்பரிடம் கொடுத்து வெளியேற்றுங்கள். உங்கள் மாத்திரைகளும் ஒரு வாரத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. எண்ணம் திட்டமாக மாறியிருந்தால் தொலைபேசியோடு நிற்காமல், நண்பரை அழைத்துக்கொண்டு கேஷுவாலிட்டிக்குச் செல்லுங்கள். வழக்கு வரும் என்று அஞ்ச வேண்டாம். அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது.

நண்பராக இருப்பவருக்கும் ஒரு வழிமுறை உண்டு. சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்ற விடைதான் வரும். ஆம் என்றால் அறிவுரை சொல்லாதீர்கள், நீட் ரேங்க்கைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, டியூட்டிக்கு வேறொருவரை அனுப்பிவிட்டு, மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டால், அந்த வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள்.

ரோஸ்டர் போடுபவருக்கு

இதை யூனிட் சீஃப் யாரேனும் படித்தால் அவருக்கு மூன்று வேண்டுகோள்கள். இறப்பு அழைப்புகளை மிக இளையவரின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். வாரத்தில் இரண்டை நீங்கள் செய்யுங்கள், அவர் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். அடுத்த வார ரோஸ்டரை முந்தின இரவில் அனுப்பாதீர்கள். தெரியாமல் காத்திருப்பதே பாதிப் பதற்றம். மூன்றாவது மணிக்கணக்கு. 1992ஆம் ஆண்டின் மத்திய ரெசிடென்ஸி விதி வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இவற்றுக்கு இடையிலான தூரமே நம் வார்டுகளின் நிலையைச் சொல்லும் என்றாலும், அந்த 74ஐயாவது எண்ணிப் பாருங்கள்.

திரும்பி வரும்போது

விடுப்பு முடிந்து வந்ததும் விட்டதைப் பிடிக்க இரட்டை டியூட்டி கேட்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பகல் பணி மட்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு இரவு. தூக்கத்தைப் பாதிக்கும் மாத்திரையாக இருந்தால், இரவுப் பணி நாட்களில் அதை எத்தனை மணிக்கு விழுங்குவது என்று முன்பே கேட்டு வையுங்கள். பலர் இந்த இடத்தில்தான் மருந்தைத் தவறவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எங்கே போயிருந்தாய் என்று கேட்பவர்களுக்கு "உடம்பு சரியில்லை" என்பது உண்மையான விடைதான், அதற்கு மேல் சொல்வது உங்கள் விருப்பம். பி.எச்.கியூ.-9ஐ மாதம் ஒருமுறை, அதே ஓய்வு நாள் காலையில், ஆறு மாதத்துக்கு நிரப்பி வாருங்கள். மதிப்பெண் 5 ஏறினால் அடுத்த மாதத் தாளுக்குக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். என் தாள்கள் 14, 11, 9, 4, 6, 3 என்று இருந்தன; 5 ஏறாவிட்டாலும், அந்த 6 வந்த மாதத்தில் நான் அழைத்தேன்.